வாசகர் கேள்வி – பதில்: ரோலா தஷ்தியும் குவைத் பெண்களின் வாக்குரிமையும்

குவைத்தின் ரோலா தஷ்தியைப் பற்றிச் சென்ற இதழில் அரைப்பக்கக் குறிப்பு ஒன்று வந்தது. அரபுப் பெண்ணுரிமைப் போராளி, 2009-இல் குவைத் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் நான்கு பெண்களில் ஒருவர் என்று மட்டும் சொல்லி முடித்திருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் அதிகமாக எழுப்பப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில்.

ரோலா தஷ்தி அடிப்படையில் யார்? வழக்கறிஞரா, அரசியல் குடும்பத்து வாரிசா?
– கும்பகோணம் வாசகர்

வழக்கறிஞர் இல்லை, பொருளாதார நிபுணர். பிறந்தது 1964-இல். தாய் லெபனான்காரர். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் வேளாண் பொருளாதாரம் படித்துவிட்டு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மக்கள்தொகை ஆய்வில் டாக்டர் பட்டம் வாங்கினார். குவைத் தேசிய வங்கி, அறிவியல் ஆராய்ச்சி நிறுவனம், உலக வங்கிக்கு ஆலோசகர் என்று வேலை பார்த்தவர். ஈராக் ஆக்கிரமிப்புக்குப் பின் நடந்த மறுகட்டுமானப் பணிகளின் ஒப்பந்தங்களையும் கவனித்தார். குவைத் பொருளாதாரச் சங்கத்துக்குத் தலைவரும் ஆனார். அந்தப் பதவிக்குத் தேர்வான முதல் பெண் அவர்தான்.

பெண்ணுரிமைப் போராளி என்றதும் நமக்கு மேடைப் பேச்சுதான் நினைவுக்கு வரும். இவர் பலம் வேறு: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்த மாதத்துக்குள் மனு, அவையில் எத்தனை வாக்கு தேறும் என்று கணக்குப் பார்த்து வேலை செய்தவர். குவைத்தில் பெண்களை வெளியே நிறுத்தியதும் பெரும்பாலும் இந்தக் கணக்குகள்தான்.

அரசியல் சட்டம், நாடாளுமன்றம் எல்லாம் இருந்த நாட்டில் 2005 வரை பெண்களுக்கு ஓட்டு இல்லை என்பது எப்படி?
– மதுரை வாசகி

ஒரே ஒரு சட்டப்பிரிவால். குவைத் 1961-இல் விடுதலை பெற்றது. 1962-இல் அரசியல் சட்டம் வந்தது. 1963-இல் முதல் தேசிய சபை, அதாவது நாடாளுமன்றம், கூடியது. அரசியல் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் பெண்களுக்குத் தடை எதுவும் இல்லை. உறுப்பினராக வேண்டுமென்றால் 30 வயது நிறைந்த குவைத்தியராக இருக்க வேண்டும், அரபு நன்றாக எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், வாக்காளராக இருக்க வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனையில்தான் சிக்கல். வாக்காளர் யார் என்று முடிவு செய்தது 1962-ஆம் ஆண்டின் 35-ஆம் எண் தேர்தல் சட்டம். அதன் முதல் பிரிவு 21 வயது நிறைந்த ஆண் குடிமகன் என்று எழுதிவிட்டது. அரசியல் சட்டம் திறந்து வைத்த கதவைச் சாதாரணச் சட்டம் ஒன்று சாத்தியது.

ஆகவே அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டிய தேவையே இல்லை. அந்த ஒரு பிரிவை மாற்றினால் போதும், அதற்குச் சபையில் பெரும்பான்மை கிடைத்தால் போதும். கிடைக்கத்தான் 40 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1971-லேயே நூரியா அல்-சதானி தலைமையில் பெண்கள் சபைக்கு மனுக் கொடுத்தார்கள். அதன் பிறகு பலமுறை மசோதாக்கள் வந்தன, விழுந்தன. 1990–91 ஆக்கிரமிப்பின்போது பெண்கள் ரகசியமாக மருந்தும் செய்தியும் கடத்தினார்கள். அஸ்ரார் அல்-கபந்தி போன்றவர்கள் ஈராக் படையால் கொல்லப்பட்டார்கள். நாடு மீண்ட பின் 1992-இல் தேர்தல் நடந்தது. அதிலும் ஆண்கள் மட்டுமே வாக்களித்தார்கள்.

1999-இல் அமீரே ஆணை போட்டும் நடக்கவில்லையாமே? மன்னர் சொல்லுக்கு மறுப்பா?
– திருநெல்வேலி வாசகர்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் மதவாதிகள் தோற்கடித்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

1999 மே மாதம் சபை கலைக்கப்பட்டிருந்த இடைவெளியில், அமீர் ஜாபர் அல்-அஹ்மத் பெண்களுக்கு வாக்குரிமையும் போட்டியிடும் உரிமையும் தரும் ஆணையைப் பிறப்பித்தார். அரசியல் சட்டத்தின் 71-ஆம் பிரிவுப்படி, சபை இல்லாத காலத்தில் அவசரத் தேவைக்கு மட்டுமே ஆணை போடலாம். புதிய சபை கூடியதும் அதன் முன் வைக்க வேண்டும். சபை நிராகரித்தால் ஆணை செத்துவிடும். நவம்பர் 23-இல் சபை அதை நிராகரித்தது. அப்படி நிராகரித்தவர்களில் பெண் வாக்குரிமையை ஆதரித்த தாராளவாதிகளும் உண்டு! "40 வருஷமாக இல்லாத உரிமையில் இப்போது என்ன அவசரம்? சபை இல்லாத நேரத்தில் ஆணை போட்டுச் சட்டம் இயற்றும் பழக்கத்துக்கு நாம் வழிவிட முடியாது" என்பது அவர்கள் வாதம். ஆணையைத் தோற்கடித்துவிட்டு, அதே வாசகத்தைச் சபையின் சொந்த மசோதாவாகக் கொண்டுவந்தார்கள். நவம்பர் 30-இல் வாக்கெடுப்பு. ஆதரவு 30, எதிர்ப்பு 32. இரண்டே வாக்கில் போயிற்று.

கொள்கைக்காக ஆணையைக் கவிழ்த்தவர்கள், மசோதாவுக்குத் தேவையான வாக்கை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அந்தத் தவறுக்குப் பெண்கள் கொடுத்த விலை ஆறு ஆண்டுகள்.

நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாமே?
– சேலம் வாசகி

போனார்கள். அப்போது குவைத்தில் வாக்காளர் பதிவு ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் மட்டும்தான் நடந்தது. 2000 பிப்ரவரியில் பெண்கள் திரளாகப் பதிவு மையங்களுக்குச் சென்று பெயர் எழுதச் சொன்னார்கள். மறுப்பார்கள் என்று தெரிந்தே போனார்கள். பதிய மறுத்தால்தான் பாதிக்கப்பட்டவர் என்ற தகுதி வரும், வழக்குப் போட முடியும். அப்படி வழக்குத் தொடுத்தவர்களில் தஷ்தியும் உண்டு. ஆனால் அரசியல் சட்ட நீதிமன்றம் உரிமை உண்டா இல்லையா என்ற கேள்விக்குள் நுழையாமலேயே, நடைமுறைக் குறைகளைக் காட்டி அந்த ஆண்டே வழக்குகளைத் தள்ளிவிட்டது. நீதிமன்ற வழி அடைபட்ட பிறகுதான் முழுக் கவனமும் சபைப் பக்கம் திரும்பியது.

அரபு நாடுகளிலேயே முதல் பெண் எம்.பி. இவர்களா?
– காரைக்குடி வாசகர்

இல்லவே இல்லை. எகிப்தில் 1956-இல் உரிமை வந்து, 1957-இல் ராவியா அத்தியா தேர்வாகிவிட்டார். லெபனானில் 1963-இல் மிர்னா புஸ்தானி. வளைகுடாவிலும் கத்தார், பஹ்ரைன், ஓமன் மூன்றும் குவைத்துக்கு முன்பே பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்துவிட்டன. குவைத்தின் தனித்தன்மை வேறு: அங்கே சபைக்கு உண்மையான அதிகாரம் இருந்தது. அமைச்சரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கலாம், நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் பதவியிறக்கலாம். அதிகாரம் உள்ள அவை என்பதால்தான் உள்ளே விடுவதில் அத்தனை இழுபறி.

2005 மே 16-இல் அப்படி என்ன மாறியது?
– மதுரை வாசகி (இரண்டாவது கேள்வி)

அந்த வசந்த காலத்தில் பெண்கள் வெளிர்நீல உடையில் சபை வாசலில் திரண்டார்கள். குறுஞ்செய்தியில் ஆள் சேர்த்தார்கள். தஷ்தி முன்னணியில் இருந்தார். இது ஒரு பக்கம். மறுபக்கம், அரசு இந்த முறை அவை நடைமுறையைச் சாமர்த்தியமாகக் கையாண்டது. மே மாதத் தொடக்கத்தில் நகராட்சித் தேர்தலுக்கு மட்டுமான மசோதா சபையில் சிக்கிக்கொண்டது. எதிர்ப்பாளர்கள் எதிர்த்து வாக்களிக்காமல், நடுநிலை என்று ஒதுங்கிப் பெரும்பான்மை சேரவிடாமல் செய்தார்கள். உடனே அரசு 16-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தலுக்கும் சேர்த்துத் தேர்தல் சட்டத்தின் முதல் பிரிவையே திருத்தும் மசோதாவை அவசரம் என்று கொண்டுவந்து, இரண்டு வாசிப்பையும் ஒரே நாளில் முடித்தது. ஆள் பிடிக்க எதிரணிக்கு நேரமே இல்லை.

ஆதரவு 35, எதிர்ப்பு 23, நடுநிலை 1. இதில் கவனிக்க வேண்டியது: குவைத் சபையில் தேர்வான 50 பேரோடு அமைச்சர்களும் பதவி வழியில் உறுப்பினர்களாக இருந்தார்கள், அவர்களுக்கும் வாக்கு இருந்தது. வித்தியாசம் 12 வாக்கு; அமைச்சரவையின் பலம் அதைவிட அதிகம். அமைச்சர்கள் இல்லாமல் இந்தச் சட்டம் தேறியிருக்காது.

மதவாத உறுப்பினர்களைச் சமாதானப்படுத்த ஒரு வரி சேர்த்தார்கள்: பெண் வாக்காளரும் வேட்பாளரும் இஸ்லாமிய ஷரியா விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். எந்த விதி, யார் தீர்மானிப்பது என்று ஒன்றும் இல்லை. இந்த வரி நான்கு ஆண்டுக்குப் பின் எப்படித் திரும்பி வந்தது என்பதைக் கீழே பாருங்கள்.

ஓட்டு கிடைத்தும் 2006-இல் ஒரு பெண்கூட ஜெயிக்கவில்லை. பெண்களே பெண்களுக்குப் போடவில்லை என்பதுதானே உண்மை?
– நாகர்கோவில் வாசகர்

பாதி உண்மை. அந்தத் தேர்தலில் வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். பெண்களின் பெயர்களை அரசே ஆவணங்களிலிருந்து எடுத்துச் சேர்த்துவிட்டது. ஆண்கள் தாமே போய்ப் பதிய வேண்டும். ராணுவத்திலும் காவல்துறையிலும் இருப்பவர்களுக்கு வாக்கில்லை. எனவே ஆண் வாக்காளர் கணக்கு குறைந்தது. இருந்தும் தோல்வி.

காரணம் தேடினால் முதலில் காலம். 2007-இல் வரவேண்டிய தேர்தல், சபை கலைக்கப்பட்டதால் 2006 ஜூன் 29-க்கு வந்துவிட்டது. பெண் வேட்பாளர்களுக்குக் கிடைத்தது ஐந்து வாரம். எதிரே நின்ற ஆண்களோ பத்துப் பதினைந்து வருடமாகத் திவானியா நடத்தியவர்கள். திவானியா என்றால் வீட்டோடு சேர்ந்த ஆண்களின் கூடம். மாலையில் டீயும் பேச்சும், கூடவே ஆஸ்பத்திரிச் சிபாரிசு, வேலைச் சிபாரிசு, கல்யாணச் சமரசம் எல்லாம் அங்கேதான். ஒரு குடும்பத்துக்கு வேலை வாங்கிக் கொடுத்த உறுப்பினருக்கு அந்த வீட்டுப் பெண்ணும்தான் கடன்பட்டிருக்கிறாள். அவள் ஓட்டு அவருக்குப் போனதில் என்ன வியப்பு?

அடுத்தது தொகுதி வரைபடம். அப்போது நாடு 25 குட்டித் தொகுதிகளாகப் பிரிந்து கிடந்தது. தொகுதிக்கு இரண்டு இடம், வாக்காளருக்கு இரண்டு வாக்கு. சில ஆயிரம் பேர் உள்ள தொகுதியில் ஒரு பெரிய குடும்பமும் ஒரு குலமும் கைகோத்தால் இரண்டு இடமும் போய்விடும். பழங்குடிப் பகுதிகளில் தேர்தலுக்கு முன்பே குலத்துக்குள் ரகசியமாக முன்தேர்தல் நடத்தி ஆளை முடிவு செய்துவிடுவார்கள். 1998-இலேயே சட்டம் தடை செய்த பழக்கம், ஆனாலும் நடந்தது. அதில் பெண்களுக்கு இடமில்லை.

அப்படியானால் 2009-இல் நான்கு பேர் ஜெயித்தது எப்படி?
– புதுச்சேரி வாசகி

இடையில் தேர்தல் முறை மாறிவிட்டது. 25 தொகுதி 5 ஆனது. தொகுதிக்கு 10 இடம், வாக்காளருக்கு 4 வாக்கு. வாக்காளர் மனநிலையில் இருந்து பாருங்கள்: முதல் வாக்கு சொந்தக்காரருக்கு, இரண்டாவது குலத்துக்கோ மத அணிக்கோ, மூன்றாவது உதவி செய்தவருக்கு. நாலாவது வாக்கு கையில் மிஞ்சுகிறது. யாரையும் பகைத்துக்கொள்ளாமல் தனக்குப் பிடித்தவருக்குப் போடலாம். படித்த, தெளிவாகப் பேசுகிற பெண் வேட்பாளருக்கு அந்த வாக்கு வந்தது. பத்தாவது இடம் வந்தாலும் வெற்றிதான் என்பதால் முதலிடம் பிடிக்க வேண்டிய தேவையும் இல்லை.

2008-இல் இதே முறையில் ஒரு தேர்தல் நடந்து, அதிலும் பெண்கள் தோற்றார்கள். ஆனால் சிலர் வெற்றிக்கு அருகில் வந்தது எல்லோர் கண்ணிலும் பட்டது. அந்தச் சபையோ அமைச்சர்களை விசாரிப்பதும் மோதுவதுமாக ஓராண்டுகூடத் தாங்கவில்லை. மக்களுக்கு அலுத்துவிட்டது. 2009 மே 16, அதாவது உரிமை கிடைத்த அதே தேதியில், மஸூமா அல்-முபாரக் முதல் தொகுதியில் முதலிடம் பெற்றார். மூன்றாம் தொகுதியில் அசீல் அல்-அவாதி, ரோலா தஷ்தி இருவரும் வென்றார்கள். இரண்டாம் தொகுதியில் சல்வா அல்-ஜஸ்ஸார். நால்வருமே டாக்டர் பட்டம் பெற்றவர்கள். பழங்குடிகள் மிகுந்த நான்காம், ஐந்தாம் தொகுதிகளில் ஒரு பெண்ணும் வரவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தஷ்தியின் பாணி பற்றி ஒரு வரி: தொகுதியில் திவானியாக்களை ஒதுக்காமல் ஆண்கள் கூடத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்து பட்ஜெட்டும் வேலைவாய்ப்பும் பேசினார். லெபனான் தாய் வழியாக வந்த பேச்சு வழக்கைக் கேலி செய்தவர்கள் இருந்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

ஹிஜாப் அணியாததால் பதவி பறிபோகும் நிலை வந்ததாமே?
– வாணியம்பாடி வாசகி

வந்தது. தஷ்தியும் அசீல் அல்-அவாதியும் தலையை மறைப்பதில்லை. பதவியேற்பின்போதே சில உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். பிறகு ஒரு வாக்காளர், 2005-இல் சேர்த்த அந்த ஷரியா வரியைக் காட்டி, இவர்களின் தேர்வு செல்லாது என்று வழக்குப் போட்டார். 2009 அக்டோபரில் அரசியல் சட்ட நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அந்த வரி பொதுப்படையானது, குறிப்பிட்ட உடையைக் கட்டாயமாக்கவில்லை. அரசியல் சட்டம் தனிமனித சுதந்திரத்துக்கும் நம்பிக்கைச் சுதந்திரத்துக்கும் உறுதி தருகிறது என்பது தீர்ப்பின் சாரம். தெளிவில்லாமல் எழுதிய வரி கடைசியில் பெண்களுக்கே சாதகமானது.

அதே மாதம் அதே நீதிமன்றத்தில் இன்னொரு தீர்ப்பு: மணமான பெண் பாஸ்போர்ட் வாங்கக் கணவர் கையெழுத்து வேண்டும் என்ற 1962-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப் பிரிவு செல்லாது. அன்றாட வாழ்க்கையில் ஹிஜாப் தீர்ப்பைவிட இதுதான் அதிகப் பெண்களுக்குப் பயன்பட்டது. செய்தித்தாள்கள் முன்னதற்கே இடம் கொடுத்தன.

நால்வரும் உள்ளே போய்ச் சாதித்தது என்ன? நேர்மையாகச் சொல்லுங்கள்.
– கோவை வாசகர்

எதிர்பார்த்ததைவிடக் குறைவு. 50 பேரில் 4 பேர். அதுவும் ஒரே கட்சியாக இல்லை, கட்சி என்ற ஏற்பாடே குவைத்தில் சட்டப்படி கிடையாது. தஷ்தி தன் துறையான நிதி, பொருளாதாரப் பக்கம் அதிகம் நின்றார். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் ஆணையத்துக்கான சட்டம் 2010-இல் அந்தச் சபையில்தான் நிறைவேறியது. வெளிநாட்டவரை மணந்த குவைத்திப் பெண்களுக்காகவும் விடாமல் பேசினார்.

அந்தப் பிரச்சினை இன்னும் அப்படியே இருக்கிறது. 1959-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, குடியுரிமை தந்தை வழியில்தான். குவைத்திப் பெண் வெளிநாட்டவரை மணந்தால், குவைத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளையும் வெளிநாட்டவர்தான். அகாமா (வசிப்பு அனுமதி) எடுத்துத்தான் தாய் வீட்டில் இருக்க வேண்டும். கணவர் இறந்தாலோ, மீளமுடியாத விவாகரத்து ஆனாலோ பிள்ளைக்குக் குடியுரிமை தரலாம் என்று ஒரு வாசல் உண்டு. அதுவும் அரசின் விருப்பத்துக்கு உட்பட்டது, உரிமை அல்ல. இதில் ஒரு கொடுமை: பிள்ளையின் எதிர்காலத்துக்காகவே விவாகரத்து வாங்கலாமா என்று சேர்ந்து வாழும் தம்பதியை யோசிக்க வைக்கிற சட்டம் இது.

பிறகு தஷ்தி என்ன ஆனார்?
– ஈரோடு வாசகர்

2012 பிப்ரவரித் தேர்தலில் நால்வருமே தோற்றார்கள். அந்தச் சபையில் பெண் ஒருவர்கூட இல்லை. சில மாதத்தில் நீதிமன்றம் அந்தத் தேர்தலையே ரத்து செய்து பழைய சபையை உயிர்ப்பித்தது தனிக் கூத்து. 2012-இலிருந்து 2014 தொடக்கம் வரை திட்டம், வளர்ச்சி, நாடாளுமன்ற விவகாரத் துறைகளின் அமைச்சராக இருந்தார். 2019-இல் பெய்ரூட்டில் உள்ள, மேற்காசியாவுக்கான ஐ.நா. பொருளாதார சமூக ஆணையத்தின் நிர்வாகச் செயலாளர் பொறுப்பை ஏற்றார்.

நான் குவைத்தில் வேலை செய்கிறேன். இந்தச் சட்டமெல்லாம் குவைத்திப் பெண்களுக்குத்தானே? எங்களுக்கு என்ன?
– ஃபஹாஹீல் வாசகி, குவைத்

உங்கள் விசா எது என்பதைப் பொறுத்தது. 18-ஆம் நம்பர் விசாவில் கம்பெனி, கடை, தனியார் கிளினிக் வேலை என்றால், 2010-ஆம் ஆண்டின் 6-ஆம் எண் தொழிலாளர் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். அது நால்வரும் இருந்த சபையில் நிறைவேறியது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்துடன் லீவு. பிரசவத்துக்கு 70 நாள் சம்பளத்துடன், அதன் பின் நான்கு மாதம் வரை சம்பளமில்லாமல். ஒரே வேலைக்கு ஆணுக்குச் சமமான ஊதியம். கர்ப்பத்தைக் காரணம் காட்டித் தகராறு செய்தால் பேச்சோடு விடாதீர்கள். மருத்துவச் சான்றின் நகல், சம்பளம் வங்கியில் ஏறிய விவரம், ஒப்பந்தம் மூன்றையும் வைத்துக்கொண்டு ஷூனில் (தொழிலாளர் துறை அலுவலகத்தில்) புகார் எழுதிக் கொடுங்கள்.

20-ஆம் நம்பர், அதாவது வீட்டு வேலை விசா என்றால் அந்தச் சட்டம் பொருந்தாது; வெளிப்படையாகவே விலக்கிவிட்டார்கள். அவர்களுக்கு 2015-இல் வந்த 68-ஆம் எண் சட்டம்: வாரம் ஒரு நாள் ஓய்வு, நாளுக்கு 12 மணிக்கு மேல் வேலை கூடாது, இடையில் ஓய்வு, ஆண்டுக்கு 30 நாள் லீவு, வேலை முடிந்து போகும்போது ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக்கூடாது. நடைமுறையில் அதிகம் மீறப்படுவது இந்தக் கடைசி விதிதான். ஊரிலிருந்து புறப்படும் முன் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றையும் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவர் போனில் அனுப்பி வைத்துவிட்டுப் போவது பின்னால் தூதரகத்தில் பேச உதவும்.

பெண் எம்.பி. வந்தால் எல்லோருக்கும் நல்லது என்கிறீர்கள். வெளிநாட்டுக்காரர்கள்மேல் பாய்ந்ததும் ஒரு பெண் எம்.பி.தானே?
– சால்மியா வாசகர், குவைத்

அப்படி நாங்கள் சொல்லவில்லை. நீங்கள் குறிப்பிடுவது சஃபா அல்-ஹாஷிம். 2016 தேர்தலில் வென்ற ஒரே பெண்; வெளிநாட்டவருக்குக் கூடுதல் கட்டணம், கட்டுப்பாடு என்று தொடர்ந்து பேசி வாக்குச் சேர்த்தவர். பெண் உறுப்பினரும் வாக்காளருக்குப் பிடித்ததைத்தான் பேசுவார், நமக்கு அங்கே வாக்கில்லை. 2020-இல் அவரும் தோற்றார்.

இப்போது குவைத் சபையில் எத்தனை பெண்கள்?
– தஞ்சாவூர் வாசகி

சபையே இல்லை. 2012 இறுதியில் நான்கு வாக்கை ஒன்றாகக் குறைத்தார்கள். அந்த முறையில் நடந்த முதல் தேர்தலை எதிரணியினர் புறக்கணித்ததால் 3 பெண்கள் வந்தார்கள். எல்லோரும் களத்துக்குத் திரும்பியதும், ஒரே வாக்கு சொந்தக்காரருக்கே போய், 2020-இல் பூஜ்யமானது. 2022-இல் இருவர். 2023-இலும் 2024 ஏப்ரலிலும் ஜினான் புஷஹ்ரி ஒருவர் மட்டும். 2006 ஏப்ரலில் குவைத்திப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்த நகராட்சி இடைத்தேர்தலில் வேட்பாளராக நின்று இரண்டாமிடம் வந்தவர் இவர்.

2024 மே 10-இல் அமீர் மிஷ்அல் சபையைக் கலைத்து, அரசியல் சட்டத்தின் சில பிரிவுகளையும் நான்கு ஆண்டுகள் வரை நிறுத்தி வைத்தார். இப்போது சட்டங்கள் ஆணையாகவே வருகின்றன. மனைவி, மகள், சகோதரி, தாய் ஆகியோரைத் தகாத உறவில் கண்டதாகச் சொல்லிக் கொன்றவனுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டுத் தண்டனை மட்டும் தந்த குற்றவியல் சட்டத்தின் 153-ஆம் பிரிவை நீக்கச் சொல்லிப் பெண்கள் பல ஆண்டு போராடினார்கள், சபை அசையவில்லை. 2025-இல் அது ஆணையால் நீங்கியது.